நிலத்தை விற்று நர்சிங் சீட்டா? கொஞ்சம் பொறுங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்தது, நம்ம பக்கத்து வீடுகளில் பேச்சே மாறிவிடுகிறது. கோவில்பட்டியானாலும் சரி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலையானாலும் சரி, பயாலஜி எடுத்த பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால் போதும். ‘வெளிநாட்டுல நர்சிங் படிக்க வச்சா வேலை கிடைக்குமாமே?’ என்று அம்மா ஆரம்பிப்பார். ‘பணத்துக்கு என்ன வழி?’ என்று அப்பா கேட்பார். ‘வடக்குக் காட்டை வித்துட்டாப் போச்சு’ என்று திண்ணையிலிருந்து மாமா குரல் கொடுப்பார்!

கரிசல் காட்டுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் கனம் புரியும். மானாவாரி பூமி. ஐப்பசியில் மழை இறங்கினால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வீடு வந்து சேரும். இல்லையென்றால் போட்ட விதையும் போச்சு, உழவுக் கூலியும் போச்சு. வாத்தியார் வேலை, சின்னக் கடை, தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை என்று மாதச் சம்பளம் பார்க்கிற வீடுகளும் ஒரு காலைக் காட்டில்தான் வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் நர்ஸாகி வெளிநாடு போகிறாள் என்றால், ஒரு தலைமுறைக்கே மழை பெய்த மாதிரி. ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால், ‘வேலை கிடைக்குமா?’ என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியே பாதிதான் என்பது என் அபிப்பிராயம். முழுக் கேள்வி இது: ‘இந்தப் படிப்பை முடித்தால் அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் என் மகளுக்குப் பதிவு எண் கிடைக்குமா? அது கிடைக்கும்போது எங்கள் தலையில் எவ்வளவு கடன் இருக்கும்?’

உலகத்துக்கு நர்ஸ் வேண்டும். உண்மைதான்!

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023-ல் உலகம் முழுக்க சுமார் 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை. 2030-லும் 41 லட்சம் பேர் குறைவாகத்தான் இருப்பார்களாம். பணக்கார நாடுகளில் வேலை பார்க்கும் நர்ஸ்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். கிழவர்களும் கிழவிகளும் பெருகிவிட்ட நாடுகள் அவை. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ஆகவே, ‘நர்சிங் படித்தால் சோத்துக்குப் பஞ்சமில்லை’ என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். ஆனால் உலகத்துக்கு நர்ஸ் வேண்டும் என்பதும், உங்கள் மகளுக்கு அங்கே வேலை உண்டு என்பதும் ஒன்றல்ல. நடுவில் இரண்டு பூட்டு இருக்கிறது.

முதல் பூட்டு, பதிவு. நம்ம ஊரில் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஸ்டாஃப் நர்ஸாக முடியாது அல்லவா? அதே போல ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கவுன்சில் உண்டு. பிரிட்டனில் என்.எம்.சி. அவர்கள் பதிவு எண் கொடுத்தால்தான் ‘நர்ஸ்’ என்ற பெயரோடு வார்டுக்குள் நிற்க முடியும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் என்க்ளெக்ஸ் என்ற பரீட்சை. வளைகுடா நாடுகளுக்குத் தனிப் பரீட்சை, சர்டிபிகேட் சரிபார்ப்பு, பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம்.

இரண்டாவது பூட்டு, வேலை விசா. பதிவு எண் கையில் இருந்தாலும், ஒரு ஆஸ்பத்திரி ‘இவரை நான் வேலைக்கு எடுக்கிறேன்’ என்று பொறுப்பேற்று ஸ்பான்சர் செய்தால்தான் அங்கே நிலைத்துத் தங்க முடியும். படிப்பு முடிந்ததும் தருகிற சில மாத அனுமதி, வேலை தேடுவதற்கான அவகாசம்தான். அதுவே வேலை ஆகிவிடாது.

பிரிட்டன் சீட்: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பிரிட்டனில் நர்சிங் பட்டம் மூன்று வருஷம். என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற படிப்பை அங்கேயே படித்து முடித்தால், பதிவு எண் கிடைப்பதில் பெரிய சிக்கல் கிடையாது. படிப்பும் தரமானது. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் நேரடியாக வார்டு.

பணம்தான் இடிக்கிறது. வெளிநாட்டு மாணவிக்கு ஃபீஸ் மட்டும் பல பல்கலைக்கழகங்களில் வருஷத்துக்கு 15,000 பவுண்டுக்கு மேல். மூன்று வருஷத்துக்கு அரைக் கோடி ரூபாயை எட்டிவிடும். வீட்டு வாடகை, சாப்பாடு, விசா செலவு, மருத்துவ வரி எல்லாம் தனி.

‘பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சுக்குவாம்மா’ என்று ஏஜென்ட் தேனாகப் பேசுவார். மாணவ விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. அது சட்டம். நர்சிங் மாணவிக்கோ வாரக்கணக்கில் வார்டு டூட்டி இருக்கும். அதில் நைட் டூட்டியும் உண்டு. அதற்கு மேல் அவள் எந்த நேரத்தில் கடைக்குப் போய் வேலை பார்ப்பது, எப்போது படிப்பது, எப்போது தூங்குவது?

படித்து முடித்த பிறகாவது வேலை உடனே கிடைக்கிறதா? 2025-ல் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். பட்டம் வாங்கிய அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே அரசு ஆஸ்பத்திரிகளில் இடம் கிடைக்காமல் போய், ஆகஸ்ட் மாதம் அரசாங்கம் அவர்களுக்கென்று ஒரு வேலை உத்தரவாதத் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வெளிநாட்டிலிருந்து வந்து புதிதாகப் பதிவு செய்த நர்ஸ்கள், மருத்துவச்சிகளின் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது. பட்டம் முடித்த வெளிநாட்டு மாணவர்கள் தங்குவதற்குத் தருகிற இரண்டு வருஷ அனுமதியும், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

அந்தக் கதவு அடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால், சொந்த ஊர்ப் பிள்ளையே வரிசையில் நிற்கிற இடத்துக்குக் காட்டை விற்று அனுப்புகிறோம் என்பது தெரிந்து அனுப்ப வேண்டும்.

‘கேர்’ என்று பெயர் வைத்த படிப்புகள்

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. ‘ஹெல்த் கேர் மேனேஜ்மென்ட்’, ‘ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்’ என்ற பெயர்களில் ஒரு வருஷப் படிப்புகள். ஃபீஸ் குறைவு, அட்மிஷன் சுலபம். இங்கே பி.எஸ்ஸி. நர்சிங் முடித்த பெண்ணைக்கூட இதில் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். ‘போனதும் நர்ஸ் வேலைக்கு மாறிக்கலாம்’ என்பது வாய்மொழி வாக்குறுதி.

அந்தப் படிப்பு மட்டும் படித்தால் பதிவு எண் கிடையாது. ஸ்டாஃப் நர்ஸாக நிற்க வேண்டியவள் முதியோர் இல்லத்தில் உதவியாளராக நிற்பாள். உதவியாளர் வேலை கேவலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்காகவா நாலு வருஷம் படிக்க வைத்தோம்? அந்த வழியும் நிரந்தரமில்லை. பிரிட்டன் 2024 மார்ச்சில், இந்த உதவியாளர்கள் கணவன், பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது என்றது. 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து புதிதாக உதவியாளர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டது.

கனடாவிலும் இதே கதைதான். ஒரு வருஷ, இரண்டு வருஷ டிப்ளமோ எல்லாமே நர்ஸ் ஆக்கிவிடாது. அந்த மாகாணத்து நர்சிங் கவுன்சில் ஏற்றுக்கொள்ள வேண்டும், பரீட்சையும் பாஸாக வேண்டும்.

ஜெர்மனி: சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கிற நாடு

‘அப்போ வெளிநாட்டில் படிக்கவே கூடாதா?’ என்று கோபப்படாதீர்கள். ஒரு வழி இருக்கிறது, ஜெர்மனி.

அங்கே நர்சிங் என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு படிக்கிற மூன்று வருஷத் தொழிற்பயிற்சி. 2020 ஜனவரியில் வந்த புதுச் சட்டப்படி பள்ளிக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் ஊக்கத்தொகையும் உண்டு. அரசு சார்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் வருஷமே மாதம் 1,300 யூரோவுக்கு மேல் தருகிறார்கள். வரி, இன்ஷூரன்ஸ் பிடித்தம் போக மீதி கைக்கு வரும். முடித்துவிட்டு அங்கேயே இரண்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம்.

அப்புறம் ஏன் எல்லாரும் போகவில்லை? பாஷை! குறைந்தபட்சம் பி1, பெரும்பாலான இடங்களில் பி2 என்ற நிலை வரை ஜெர்மன் தெரிய வேண்டும். ஒரு வருஷமாவது உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். பாஷை தெரியாமல் போய் நின்றால், ‘நெஞ்சு வலிக்குது’ என்று ஒரு பாட்டி சொல்வதுகூடப் புரியாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் நர்ஸின் வேலை. இங்கே சொந்தக்காரர்கள் செய்வதை அங்கே அவள் செய்ய வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். படிப்புக்குக் கட்டணமே இல்லாத இடத்துக்கு அனுப்பி வைக்க ஒருவர் ஐந்து லட்சம், எட்டு லட்சம் கேட்டால், அது எதற்கு? பாஷை வகுப்புக்கு எவ்வளவு, பரீட்சைக்கு எவ்வளவு, விசாவுக்கு எவ்வளவு என்று பில் போட்டுக் கேளுங்கள். பில் தராதவரிடம் பணம் தராதீர்கள்.

இங்கே படித்துவிட்டுப் போவதுதான் என் கட்சி

நடுத்தரக் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்லும் வழி பழைய வழிதான். இங்கேயே அங்கீகாரம் உள்ள கல்லூரியில் மூன்று வருஷம் ஜி.என்.எம். அல்லது நான்கு வருஷம் பி.எஸ்ஸி. நர்சிங். நம்ம தமிழ்நாடு இதில் யாருக்கும் இளைத்ததல்ல. வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டது. படித்து முடித்து, பதிவு செய்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.விலோ ஆபரேஷன் தியேட்டரிலோ இரண்டு வருஷம் வேலை. அந்த இரண்டு வருஷத்திலேயே பாஷைப் பரீட்சை. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 7 மதிப்பெண் வேண்டும், எழுத்துத் தேர்வில் மட்டும் 6.5 போதும். இல்லாவிட்டால் மருத்துவத் துறைக்கென்றே உள்ள ஓ.இ.டி. எழுதலாம்.

‘இங்கே என்ன சம்பளம் தர்றாங்க சிஸ்டர்?’ என்று பிள்ளைகள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2015-ல் நம்ம அரசாங்கமே ஒப்பந்த நர்ஸ்களை மாதம் 7,700 ரூபாய்க்குத்தான் எடுத்தது. 2017-ல் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் 2016-ல் உத்தரவிட்டு, மத்திய அரசு அமைத்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. எத்தனை ஆஸ்பத்திரிகளில் அது சம்பளக் கவரில் இருக்கிறது? கொடுக்காதவர்கள், ‘நர்ஸ் எல்லாம் வெளிநாடு ஓடிடுறாங்க’ என்று புலம்பவும் கூடாது.

இருந்தாலும் அந்தக் குறைந்த சம்பள இரண்டு வருஷத்தைப் பயிற்சி என்று நினைத்துக் கடந்துவிட்டால், அவளை வெளிநாட்டு ஆஸ்பத்திரி தேடும். அப்போது செலவுக் கணக்கும் தலைகீழாகிவிடுகிறது. பிரிட்டனில் வேலை வாங்கித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் பணம் வாங்குவதே சட்டப்படி குற்றம். நம்ம நாட்டிலும், பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. நம்ம தமிழ்நாட்டில் அதற்கென 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

அந்த உத்தரவு வந்த நேரத்தில் கொச்சியில் பிடிபட்ட விவகாரம் ஞாபகமிருக்கிறதா? 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு நர்ஸிடமும் 19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது!

இங்கேதான் ஒரு சூட்சுமம். இந்தக் கட்டுப்பாடு எல்லாம் ‘வேலைக்கு’ அனுப்புகிற ஏஜென்ட்டுக்கு. ‘படிக்க’ அனுப்புகிற கன்சல்டன்சிக்கு அந்தச் சட்டத்தின் லைசென்ஸும் கிடையாது, கட்டண வரம்பும் கிடையாது. படிப்பு என்ற பெயரில் அனுப்புவதில் சிலருக்கு ஏன் அவ்வளவு ஆர்வம் என்று இப்போது புரிகிறதா?

கடன் வாயைக் கட்டிவிடும்

2014 ஜூன் மாதம். ஈராக்கில் திக்ரித் நகரில் சண்டை. ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் மாட்டிக்கொண்டார்கள். பெரும்பாலும் கேரளப் பெண்கள், நம்ம தமிழ்நாட்டுப் பெண்ணும் உண்டு. ஜூலை 5-ம் தேதி அவர்கள் கொச்சியில் வந்து இறங்கியபோதுதான் நாடே மூச்சு விட்டது. ஆனால் அதற்கு முன்னே ஒரு செய்தி வந்தது. ‘திரும்பி வாருங்கள்’ என்றபோது அவர்களில் பலர் தயங்கினார்கள். சம்பளப் பாக்கி ஒரு பக்கம், ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இன்னொரு பக்கம். குண்டு விழுகிற ஊரைவிடக் கடன்காரன் நிற்கிற வாசல் பெரிய பயம்!

நான் கடனைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான். தலையில் முப்பது லட்சம் கடன் உள்ள பெண், அதிகாரி தப்பாக நடந்தாலும் வாய் திறக்க மாட்டாள். தொடர்ந்து நைட் டூட்டி போட்டாலும் மறுக்க மாட்டாள். நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு போனாலும் லீவு கேட்க மாட்டாள். தூக்கமின்மை, தனிமை, மனச்சோர்வு எல்லாவற்றையும் போனில் ‘நல்லா இருக்கேன்மா’ என்ற ஒரே வார்த்தையில் மூடிவிடுவாள். கடன் இல்லாதவளுக்கு ‘இந்த இடம் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுகிற தைரியம் இருக்கும்.

நாடுகளும் மனசு மாறும். 1960-களில் ஜெர்மனிக்குப் போன கேரள நர்ஸ்களில் பலருக்கு, 1970-களின் நடுவில் அனுமதி புதுப்பிக்கப்படாமல் திரும்ப வேண்டி வந்தது. இன்றைக்குக் கூப்பிடுகிற அதே நாடுதான்! விசா அடுத்தவன் கையில் இருப்பது. பதிவு எண்ணும் அனுபவமும் பாஷையும்தான் பெண்ணின் கையில் இருப்பவை. ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்ட அவைதான் உதவும்.

கையெழுத்துப் போடும் முன்னே...

பெற்றோர்களே, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

1. இந்தப் படிப்பின் பெயர் அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? ஏஜென்ட் காட்டும் நோட்டீஸில் பார்க்க வேண்டாம். கவுன்சிலின் சொந்த இணையதளத்தில் உங்கள் மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

2. முடித்தபின் கிடைப்பது நர்ஸ் பதிவா, உதவியாளர் சர்டிபிகேட்டா?

3. வேலைக்கு அனுப்புவதாகச் சொன்னால், ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா?

4. பாதியில் திரும்பி வர நேர்ந்தால் இந்தியாவில் அந்தப் படிப்பு செல்லுமா? இங்கே வேலை பார்க்க மறுபடியும் கவுன்சில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

5. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாராவது ‘பத்திரமா வச்சிருக்கோம்’ என்று கேட்கிறார்களா? கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உடம்பு விஷயத்தையும் முன்கூட்டியே பாருங்கள். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்கிறவர்கள் இங்கேயே டி.பி. பரிசோதனை செய்ய வேண்டும். வளைகுடா மெடிக்கலில் டி.பி.யோடு ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் பார்ப்பார்கள். வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டிய பிறகு மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்று வந்தால் யாரிடம் போய் அழுவது? நர்சிங்கில் சேருகிற பெண் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் படிக்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, பெரும்பாலான வீடுகளில் மறந்துபோகிற ஒரு விஷயம். பெண்ணிடம் கேட்டீர்களா? ரத்தம் பார்த்தால் அவளுக்கு மயக்கம் வருமா? ராத்திரி மூன்று மணிக்கு ஒரு வயசானவரின் மலத்தைத் துடைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் ‘தண்ணி வேணுமா தாத்தா?’ என்று கேட்க அவளுக்கு மனசு வருமா? வந்தால் அவள் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்வாள். வராவிட்டால் எந்த நாட்டுச் சம்பளமும் அவளை அந்த வேலையில் நிறுத்தி வைக்காது.

ஆசை இருக்கிற பெண்ணை நிச்சயமாகப் படிக்க வையுங்கள். வடக்குக் காடு அப்படியே இருக்கட்டும். முதல் வருஷச் சேமிப்பிலிருந்து அவள் அதில் ஒரு கிணறு வெட்டித் தரட்டுமே!